திரும்பி வராத சீட்டு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், கேரள எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் வைத்தியசாலைத் திண்ணைகளைப் பற்றி உங்கள் தளத்தில் எழுதியிருந்தீர்கள். நோயாளி தன் பாட்டைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்பதற்கு இன்று ஆள் இருக்கும் இடம் அந்தத் திண்ணை ஒன்றுதான் என்பது அதில் ஒரு வரி. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கும் எங்களிடமும் மக்கள் பேசத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அந்த வரியில் ஏதோ உண்மை இருக்கிறது என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன் எங்கள் பகுதியில் காய்ச்சல் தடுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவை குறித்து விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தினோம். ஊரிலுள்ள வைத்தியர்களையும், வர்மமும் எலும்பு முறிவும் பார்க்கும் ஆசான்மாரையும் அழைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். 14 பேரை நேரில் போய் அழைத்தேன். வந்தவர்கள் 2 பேர். அவர்களில் ஒருவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மற்றவர் கிளம்பும்போது, “ஒங்க ஆளுவ எங்கள எண்ணிப் பாக்கத்தான் வருவாவ, எங்ககிட்ட ஒண்ணு கேக்க வரமாட்டாவ” என்று சொல்லிவிட்டுப் போனார். வராதவர்களில் பலர், போலி மருத்துவர்களைப் பிடிப்பதற்குப் பெயர் சேகரிக்கிறோம் என்று நினைத்தார்களாம். எங்கள் மருத்துவ அலுவலரோ, இவர்களை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தால் நாமே சான்றிதழ் கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று கடிந்துகொண்டார்.

இதற்கிடையில் மக்கள் இரண்டு இடத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நாங்கள் கொடுத்த மாத்திரை அட்டை ஒரு வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. அதே அலமாரியில் அரிஷ்டக் குப்பி பாதி காலியாகி நிற்கிறது. நோய் வராமல் தடுக்கும் வேலையில் இவர்களைச் சேர்த்துக்கொள்வது சரியா? சரியென்றால் எங்கிருந்து தொடங்குவது? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. திண்ணையைப் பற்றி எழுதும் உற்சாகத்தில், வெயிலில் படியேறி இறங்குகிறவர்களை நான் மறந்துவிட்டேன். அந்த வரியைத் திருத்தி எழுதியிருக்கிறேன்.

உங்கள் மருத்துவ அலுவலர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி. எல்லைக்கு அந்தப் பக்கம் 1953ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சி மருத்துவத் தொழில் சட்டம் பதிவு பெறாதவர்கள் வைத்தியம் செய்வதைத் தடுத்தது. பரம்பரை வைத்தியர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; உரிய தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் தொழில் செய்ய முடியாது என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஒரு முறையில் பதிவு பெற்றவர் தனக்குப் பயிற்சியில்லாத மற்றொரு முறையின் மருந்தைக் கொடுப்பதே கவனக்குறைவு என்று அதே நீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் அழைத்த அந்த 14 பேரும் சட்டத்தின் கண்ணில் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். பாளையங்கோட்டையிலோ முஞ்சிறையிலோ சித்த மருத்துவமும் கோட்டாறில் ஆயுர்வேதமும் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அவர்களில் இருக்கலாம். அப்பாவிடமிருந்து தைலக் கூட்டும் ஓலைச்சுவடியும் மட்டும் பெற்றவர்களும் இருக்கலாம். இந்த இரு சாராரையும் ஒரே அழைப்பிதழில் கூப்பிட்டால், பட்டம் பெற்றவருக்கு அது அவமானமாகப் படும், பெறாதவருக்கு அச்சமாகப் படும். உங்கள் கூட்டத்துக்கு 2 பேர் வந்ததே எனக்கு வியப்பு.

அலுவலரின் மறுபாதியில்தான் நான் வேறுபடுகிறேன். சட்டம் தடுப்பது சிகிச்சையை. நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியது சிகிச்சை இல்லையே. வீட்டுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வதற்கும், ஆறாத புண்ணோடு வந்தவரை இன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்வதற்கும் எவருக்கும் பதிவெண் தேவையில்லை. 1986இல் ஒட்டாவாவில் உலக நாடுகள் கூடி நலவாழ்வு மேம்பாட்டுக்கென ஒரு சாசனம் எழுதியபோது, மக்கள் தங்கள் உடல்நலத்தின் மீது தாங்களே கூடுதல் ஆளுகை பெற வழிசெய்வதுதான் அந்த வேலை என்று வரையறுத்தார்கள். அதற்கு 8 ஆண்டுகள் முன்பு, 1978இல், அல்மா–ஆட்டா அறிக்கை ஆரம்ப சுகாதாரக் குழுவில் இடம்பெறுவோரை வரிசைப்படுத்துகையில் மருத்துவர், செவிலியர், பேறுகாலத் தாதி ஆகியோருடன், தேவைக்கேற்பப் பாரம்பரிய வைத்தியரையும், உரிய பயிற்சியோடு என்ற நிபந்தனையுடன் சேர்த்தே எழுதியது. இதைச் சொன்னால் உங்கள் அலுவலர் மனம் மாறிவிடுவார் என்று நான் நம்பவில்லை. அறிக்கைகளைக் காட்டி நம் ஊரில் யாரும் யாரையும் மாற்றியதில்லை. ஆனால் இது உங்கள் கற்பனையில் உதித்த விபரீத யோசனை அல்ல என்பதற்கு உங்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கட்டும்.

இனி, நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். அதற்கு என் வீட்டுக் கதை ஒன்று வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், என் அண்ணன் மகன் அயனிப்பழம் பறிக்க ஏறி, கிளை முறிந்து விழுந்தான். அவனுக்கு அப்போது 9 வயது. முழங்கைக்குச் சற்று மேலே வீங்கிக் கோணியிருந்தது. பனையேற்றத் தொழில் உயிரோடிருந்த காலத்திலிருந்தே எங்கள் பக்கத்தில் ஒடிவு முறிவு என்றால் கால்கள் தாமாக ஆசான் வீட்டுக்குத்தான் போகும், நாங்களும் போனோம். ஆசான் முறிந்த இடத்தைத் தொடவில்லை. பையனின் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு அடிபட்ட கையின் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல நிமிர்த்தினார். பையன் அலறினான். “இது நம்ம கையில நிக்காது மக்ளே, நாடி நூலாட்டு ஓடுது. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்றார். எண்ணெய் தேய்க்கவில்லை, இழுத்துக் கட்டவில்லை. கமுகம்பாளையை வெட்டி, கை கிடந்த கோணத்திலேயே அடியில் வைத்து, பழைய வேட்டித் துண்டால் விரல் நுழையும் அளவு தளர்வாகச் சுற்றி அனுப்பினார். காசு வாங்கவில்லை.

அவர் செய்தது எவ்வளவு சரியான காரியம் என்பது எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது. குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேலே ஏற்படும் அந்த முறிவில் எலும்பின் முனை இரத்தக்குழாயை அழுத்திவிடக்கூடும். அந்த நிலையில் இறுக்கிக் கட்டினால் தசைக்கு இரத்தம் போகாது. ஏறத்தாழ 6 மணி நேரத்தில் தசை மீளமுடியாத அளவுக்குக் கெட்டு, பின்னாளில் கை நகம்போல் வளைந்து இறுகிவிடும். 1881இல் ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதை விவரித்தபோது, இறுக்கமான கட்டுகளையே காரணமாகச் சுட்டினார். விரலை நிமிர்த்தும்போது தாங்கமுடியாத வலி எடுப்பது அதன் முதல் அறிகுறி. ஆசானுக்கு ஃபோல்க்மனைத் தெரியாது. கையில் நாடி பார்க்கும் பழக்கம் இருந்ததால் தெரிந்துகொண்டார்.

நாங்கள் போன மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் இருந்தார். பாளையைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. “கை அழுகுற வரைக்கும் நாட்டு வைத்தியன்கிட்ட வச்சிருந்துட்டு அப்புறம் இங்க தூக்கிட்டு வாங்க” என்று சொல்லியபடியே வேட்டித் துண்டை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். பையன் விழுந்த ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் வந்திருந்தோம். யார் அனுப்பினார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை. அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது, கை பிழைத்தது. அதற்கு அந்த மருத்துவமனைக்கு என்றும் நன்றியுடையவன். அவனுக்கு இன்று அந்தக் கையில் ஒரு தழும்பைத் தவிர வேறு குறையில்லை.

அண்ணன் ஊருக்குத் திரும்பியதும், நடந்ததை நடந்தபடியே ஆசானிடம் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அதன்பின்னும் ஆசான் தன்னால் ஆகாதவர்களை மருத்துவமனைக்கு அனுப்பத்தான் செய்தார். ஆனால் அனுப்பும்போது, “என்னப் பாத்ததா அங்க சொல்லாண்டாம்” என்றொரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்.

இந்த ஒரு வார்த்தையில்தான் உங்கள் கேள்வி முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆசான் சரியாகக் கணித்து நேரத்தோடு அனுப்பியவர்கள் எவரும் தாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்பதை மருத்துவமனையில் சொல்வதில்லை. இறுக்கிக் கட்டிக் கறுத்துப்போன கையோடு வருகிறவர்கள் மட்டும், மறைக்க வழியில்லாததால், வைத்தியரின் பெயரைச் சொல்கிறார்கள். எனவே மருத்துவமனையில் இருப்பவர் தம் பணிக்காலம் முழுவதும் நாட்டு வைத்தியத்தின் தோல்விகளை மட்டுமே பார்க்கிறார். எதிர்ப்பக்கமும் இதுவேதான் நடக்கிறது. மருத்துவமனையில் குணமானவர் வைத்தியசாலைக்கு ஏன் வரப்போகிறார்? முதுகுவலிக்கு இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தும் தீராதவரும், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வயிறு எரிபவரும்தான் அங்கே வருகிறார்கள். அதனால் வைத்தியர் பார்ப்பதெல்லாம் ஆஸ்பத்திரியின் தோல்விகள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒருவரைப் பற்றி மற்றவருக்கு நல்ல செய்தி போய்ச்சேர ஒரு வழி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒருங்கிணைப்பு என்ற பெயரில் நடக்கும் கருத்தரங்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. (அவற்றில் சிலவற்றில் நானும் பொன்னாடை வாங்கியிருக்கிறேன்.) வாதம், பித்தம், கபம் என்பவற்றை உயிர்வேதியியலோடு பொருத்திக் காட்ட ஒருவர் முயல்வார், எதிரில் இருப்பவர் கைப்பேசியைப் பார்ப்பார், சுக்குக்காப்பியோடு கூட்டம் கலையும். எந்த வைத்தியம் உண்மை என்ற வழக்கு தீர்ந்த பிறகுதான் கூடி வேலை செய்வோம் என்றால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது தீராது. கொள்கையில் ஒன்றுபடாமலே சில காரியங்களில் ஒத்துப்போகலாம்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சித்த மருத்துவத்தில் நோயறிய எட்டு வகைத் தேர்வு உண்டு: நாடி, தொடுதல், நா, நிறம், மொழி, விழி, மலம், நீர். முறையாகக் கற்ற வைத்தியர் எவரும், தலைவலி என்று வந்தவரைக்கூட நாக்கை நீட்டச் சொல்லாமல் அனுப்பமாட்டார். நம் பகுதியின் வாய் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் நம் மண்ணில் எத்தனை தலைமுறையாக வாயைத் தின்றுகொண்டிருக்கின்றன என்பதற்கு நெய்யூரே சாட்சி. அங்கே 1838இல் மிஷன் மருத்துவம் தொடங்கியது. 1908இல் பென்டால் என்ற மருத்துவர் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்து எழுதியபோதே வாய்ப்புற்று அதில் முன்னால் நின்றது. எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டத்தில், மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 1996 முதல் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 13 கொத்துகளாகப் பிரித்த ஊர்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். பாதி ஊர்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இதையும் வைத்தியரின் பழக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வீடு வீடாகப் போய் நீங்கள் கெஞ்சித் திறக்கவைக்கும் வாய், அவர் முன்னால் தானாகத் திறக்கிறது. அவர் நாவின் நிறத்தையும் படிவையும் பார்க்கிறார். கன்னத்தின் உட்பக்கத்தையும் நாவின் அடிப்பக்கத்தையும் பார்ப்பதில்லை. கையில் ஒரு சிறு டார்ச்சும், வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முன்போலத் திறக்காமை ஆகிய நான்கின் படங்களும் இருந்தால், தன் முறையை ஒரு மயிரிழையும் மாற்றாமல் அவர் உங்கள் வேலையைச் செய்துவிடுவார். அவரிடம் நீங்கள் எதையும் கைவிடச் சொல்லவில்லை. நலவாழ்வுப் பணிக்கு வைத்தியரை அழைப்பதில் இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சலில் விஷயம் இவ்வளவு எளிதல்ல. 2012இல் டெங்கு பரவியதிலிருந்து நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்கிவருவதால், அதில் வைத்தியருக்கும் உங்களுக்கும் சண்டையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் குளிர்ந்துவரும்போதே இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். கஷாயம் கொடுத்தவருக்கோ அது வெற்றியின் அடையாளம்: காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி கொடு என்பார். வீட்டாரும் நிம்மதியாக உறங்கப்போவார்கள். ஆகவே வைத்தியரிடம் நீங்கள் கஷாயத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். காய்ச்சல் விட்டபின் இரண்டு நாளைப் பற்றி மட்டும் பேசுங்கள். வயிற்றில் கடும் வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனை. பத்தியம் சொல்லுகிற வாயால் இதைச் சொன்னால் நம் ஆட்கள் கேட்பார்கள். பத்தியத்தை மீறினால் மருந்து எதிர்க்கும் என்ற பயம் அவர்கள் இரத்தத்தில் ஊறியது.

அதே வாயால், ரப்பர்ப்பால் பிடிக்கும் சிரட்டையையும் கவிழ்க்கச் செய்யலாம். மழை பிடித்துப் பால்வெட்டு நின்றதும் ஒவ்வொரு மரத்திலும் சிரட்டை மல்லாந்து கிடக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் உழக்குத் தண்ணீர். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்தப் பக்கம் கேரளத்தில் வாரத்தில் ஒரு நாளை ‘ட்ரை டே’ (தேங்கிய நீரைக் கொட்டும் நாள்) என்று வைத்து இதைச் சொல்கிறார்கள்; இந்தப் பக்கம் நீங்கள் துண்டறிக்கை கொடுக்கிறீர்கள்; கொசு இரண்டு அரசுகளுக்கும் கட்டுப்படாமல் இரு மாநிலத்துக்கும் பொதுவாக இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்கிறவர் இடுப்புப் பிடிப்புக்கு எண்ணெய் போட வைத்தியரிடம் வந்து கவிழ்ந்து படுத்திருக்கும் அரை மணி நேரத்தில், உழிச்சில் என்னும் எண்ணெய்த் தடவல் நடக்கும்போதே, “சிரட்டைய கவுத்துட்டியாடே?” என்று ஒரு கேள்வி. உங்கள் ஒலிபெருக்கி ஆட்டோவால் அந்த அரை மணி நேரத்தை வாங்க முடியாது.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. இதில் நீங்கள் இளகிப்போனால் நான் உங்கள் அலுவலர் பக்கம் சேர்ந்துகொள்வேன். இன்சுலின், காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, இவற்றை நிறுத்தச் சொல்ல எந்த வைத்தியருக்கும் இடமில்லை. பாம்புக்கடி திண்ணையில் ஒரு நிமிடமும் தங்கக்கூடாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். விஷமுறிவு ஊசியைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை. பெயர்ச்சீட்டு இல்லாத பஸ்பங்களும் செந்தூரங்களும் இன்னொன்று. ஈயமும் பாதரசமும் சரியாக நீற்றப்படாமல் உடலில் சேர்ந்தவர்களை மருத்துவமனைகள் பார்த்துவருகின்றன. சர்க்கரையை அடியோடு ஒழிப்போம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவரை, அவர் எத்தனை பட்டம் போட்டிருந்தாலும், கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அத்தகைய விளம்பரத்தைத் தடுக்க 1954 முதல் ஒரு சட்டமே இருக்கிறது. யாரை அழைப்பது என்று எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்: தன்னால் ஆகாதது என்று அவர் இதுவரை யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்று ஊரில் விசாரியுங்கள். அப்படி ஒருவரையும் அனுப்பாதவர் உங்களுக்கு வேண்டாம்.

அனுப்புகிறவர் கிடைத்தால், ஒரு சீட்டு அச்சடியுங்கள். அஞ்சலட்டை அளவு போதும். மேற்பாதியில் வைத்தியர் எழுதுவது: பெயர், வயது, என்ன கண்டார், எப்போது அனுப்பினார். கீழ்ப்பாதியில் மருத்துவமனை எழுதுவது: என்ன நோய், என்ன செய்தோம், எதை நிறுத்தக்கூடாது, மீண்டும் எப்போது வரவேண்டும். கீழ்ப்பாதியைக் கிழித்து நோயாளியிடமே கொடுத்துவிட வேண்டும். அவர் அதை வைத்தியரிடம் காட்டுவார். தமிழிலும் மலையாளத்திலும் அச்சடிப்பது அவசியம். எல்லையோரக் களியக்காவிளையில் இருப்பவர் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போவாரா திருவனந்தபுரத்துக்குப் போவாரா என்பதை அவர் ஏறும் பேருந்துதான் தீர்மானிக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைக் கோடு போட்டார்கள், ஆனால் நோய்வாய்ப்பட்டவர்கள் இன்னும் பழைய திருவிதாங்கூரில்தான் வாழ்கிறார்கள். பட்டம் பெறாத வைத்தியர் எழுத்தில் கையொப்பமிடத் தயங்குவார். அவருக்கு மேற்பாதியை நீங்களே எழுதுங்கள், ‘செவிலியர் வழியாக’ என்று. அவர் பெயர் வர வேண்டியதில்லை. ஆனால் கீழ்ப்பாதி அவரிடம் போய்ச் சேரவேண்டும்.

மேற்பாதி ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது, என் ஆசான் வாய்வார்த்தையாகச் செய்ததுபோல. நடக்காதது கீழ்ப்பாதி. “நீங்கள் அனுப்பிய பையனுக்கு இரத்தக்குழாய் அழுந்தியிருந்தது, நேரத்தோடு வந்ததால் கை தப்பியது” என்று இரண்டு வரி அன்று திரும்பி வந்திருந்தால், அந்த மனிதர் தன்னிடம் பயில வந்த நான்கைந்து இளைஞர்களிடம் அதைச் சொல்லியிருப்பார். இறுகக் கட்டாதே, விரலை நிமிர்த்திப் பார் என்பது அவர்கள் பாடத்தில் ஏறியிருக்கும். மாறாக, மறைத்துச் சொல்வது பாடத்தில் ஏறியது.

உங்கள் அலுவலரிடம் வைத்தியர்களை அழைக்க மறுபடி அனுமதி கேட்காதீர்கள். சீட்டை அடிக்க மட்டும் கேளுங்கள்; நோயாளி எங்கிருந்து வந்தார் என்று பதிவதை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். முதலில் இரண்டு பேர் போதும். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை விட்டுவிடாதீர்கள், அவர் எதையோ கவனித்திருக்கிறார். எண்ணிப் பார்க்க வருகிறீர்கள் என்று சொன்னவரிடம் கட்டாயம் போங்கள். பதிவேட்டை வண்டியிலேயே வைத்துவிட்டு, கேட்பதற்கு ஒரு கேள்வியோடு போங்கள்: உங்களிடம் வருகிறவர்களில் யாரைப் பார்த்தால் உங்களுக்கு பயமாக இருக்கிறது?

என் அண்ணன் மகனுக்குப் பாளை வைத்துக் கட்டிய ஆசான் இப்போது இல்லை. அவர் மகன் வைத்தியசாலையை நடத்துகிறார், முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர். உங்கள் கடிதத்தைப் பெயர் சொல்லாமல் அவருக்கு வாசித்துக் காட்டினேன். சீட்டைப் பற்றிச் சொன்னபோது நம்பாமல் சிரித்தார், ஆனால் டார்ச்சைப் பற்றி இரண்டு முறை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும், வரச்சொல்லுங்கள் என்றார். வாய்ப்புண் படங்களைக் கொண்டுவாருங்கள். நானும் வருகிறேன்.

அன்புடன்.